தலை சுற்றும் மூஞ்சி

கமலா அனுப்பிய புடவைப் படங்கள் நின்றபாடில்லை. மேட்டுப்பாளையத்தில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியின் சாப்பாட்டு அறையில், சுடர்விழி டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் போன் விடாமல் டிங் டிங்கென்று அடித்துத் தீர்த்துவிட்டது. மயில் பச்சை, கிளிப் பச்சை, பாசிப் பச்சை, அப்புறம் வெறும் பச்சை. கடைக்காரன் பாவம், கடையையே பிரித்துக் கீழே போட்டிருப்பான். எல்லாவற்றுக்கும் அடியில் கமலா ஒரு கேள்வி போட்டிருந்தாள். சின்னவன் காதுகுத்துக்கு எது எனக்கு எடுப்பா இருக்கும், எல்லாரும் சொல்லுங்க.

ஒன்றும் எடுப்பாக இருக்காது என்பதுதான் உண்மை. ஆனால் கமலா அவள் புருஷன் வினோத்குமாரின் அக்கா. நாத்தனாரிடம் உண்மை பேசிவிட்டு முத்தியால்பேட்டை வீட்டில் சுடர்விழி நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா? அதனால் எழுத்தாக எதுவும் எழுதாமல் ஒரு மஞ்சள் மூஞ்சியை மட்டும் தட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மூஞ்சிகளில் தலைசுற்றலுக்கென்றே மூன்று இருக்கின்றன. அது சுடர்விழிக்கு அத்துப்படி. கண்ணில் பெருக்கல் குறி போட்டது ஒன்று. அது தலை சுற்றி விழுந்து செத்தே போய்விட்டது. வாய் கோணி, ஒரு கண் சிறுத்து, ஒரு கண் பெருத்தது இன்னொன்று. அது குடித்துவிட்டு வந்தது, ஞாயிற்றுக்கிழமை வினோத்குமார் வீட்டுக்கு வருகிற லட்சணம். மூன்றாவது, கண் இரண்டும் சுருள் சுருளாகச் சுற்றுவது. அளவுக்கு மிஞ்சி எதையாவது கொண்டுவந்து தலையில் கொட்டினால் போடுவது அது. கம்பெனியில் சூப்பர்வைசர் அடுத்த மாத டார்கெட்டைக் குரூப்பில் போட்டால், பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக இந்தச் சுருள் கண்ணைத்தான் போடுவார்கள். அம்மாடி, போதும், விடுங்கள் என்று அர்த்தம். கமலாவுக்கு அவள் போட்டதும் அதேதான்.

ஆனால் அதைப் போட்ட இடம் 'பக்கிரி குடும்பம்' குரூப். அந்தக் குரூப்பைப் பற்றி என்னத்தைச் சொல்ல. மாமனார் பக்கிரி மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசவும் மாட்டார், படிக்கவும் மாட்டார், எது வந்தாலும் ஒரு கட்டைவிரல். பிறந்தநாளுக்குக் கட்டைவிரல், கரண்ட் கட்டுக்குக் கட்டைவிரல், சாவுக்கும் அதே கட்டைவிரல். மாமியார் ஆயம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பொம்மை தெரியும். அதாவது, தெரியும் என்று அவளுக்கு நினைப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மூஞ்சியை ஒப்பாரி என்று நினைத்து, மூலக்குளத்துச் சித்தப்பா செத்த செய்திக்குக் கீழே ஒரு வரிசை நிறையப் போட்டவள் அவள். செத்தவர் வீட்டார் ஆறு மாதம் பேசவில்லை. இந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது போனைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கமும் கிடையாது. குரல் செய்தி வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார்கள். இவ்வளவும் தெரிந்தும் அங்கே போய்ச் சுருள் கண்ணைப் போட்டது சுடர்விழியின் புத்தி.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் குரூப் பற்றிக்கொண்டு எரிகிறது. ஆயம்மா கும்பிடு கும்பிடாகப் போட்டிருந்தாள். கமலா ஒரு பால் புட்டி. காரைக்கால் சின்ன மாமியார் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் கோழிக்குஞ்சு. யாரோ ஒருத்தி தொட்டில் கிடைக்காமல் கட்டில் போட்டிருந்தாள். வினோத்குமார், தன் பங்குக்கு, மடக்கிய புஜம். பக்கிரி கட்டைவிரல். புடவைக்கு எதற்குப் பால் புட்டி என்று சுடர்விழி ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு விளங்கியது.

கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு மருமகள் தலை சுற்றுகிறது என்றால் வெயிலா, பசியா, ரத்தம் குறைவா என்று இந்த வீட்டில் எவள் கேட்டாள்? ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்துக்காக மூன்று வருடமாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, அவளே கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அண்ணி, பொடவைங்கள பாத்துதான் தல சுத்துது. வேற ஒன்னும் இல்ல" என்று உடனே எழுதி அனுப்பினாள். ஆயம்மாவால் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த கமலா, கண்ணைப் பொத்திக்கொண்டு வெட்கப்படும் குரங்கைப் போட்டாள். அதற்குக் கீழே, "சரி சரி, புரியுது. மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுல்ல" என்றிருந்தது.

அங்கேதான் சிக்கினாள். அந்த வீட்டு வழக்கம் அது. மூன்று மாதம் முடியும்வரை முழுகாமல் இருப்பதை வாயால் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆமாம் என்றுதான் ஆகும். இவர்களோ ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புட்டி, குஞ்சு, கட்டில் எல்லாம் வெறும் படம். படத்துக்குக் கண் படாது என்று எந்தச் சாமி இவர்களுக்குச் சொன்னதோ தெரியவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தால், ஆயம்மா வாசலில் நிற்கிறாள். மூன்று வருடத்தில் மருமகளுக்காக வாசலுக்கு வராத ஆயம்மா. வந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"பாத்து வாம்மா. படி ஒசரம்."

அந்தப் படியில் நேற்று காலை இரண்டு குடம் தண்ணீரோடு சுடர்விழி ஏறினாள். அப்போது படி உயரமாக இல்லை போலிருக்கிறது.

உள்ளே வைத்திக்குப்பத்தில் இருந்து வாங்கிவந்த வஞ்சரம் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நடுத்துண்டு வினோத்குமாருக்கு, அடுத்தது மாமனாருக்கு, வால் துண்டு மருமகளுக்கு. அது சட்டம். இன்றைக்கு நடுத்துண்டு அவள் தட்டில் விழுந்தது. விழுந்த கையோடு இன்னொன்றும் விழுந்தது. இவர்கள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி தட்டைத் தள்ளிவிட்டு எழ வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் மீன் ருசியாக இருந்தது. இரண்டையும் தின்றாள். தன் நாக்கை நினைத்து அவளுக்கே கேவலமாக இருந்தது.

"அத்த, ஒன்னு சொல்லணும். மத்தியானம் நான் போட்ட அந்தப் பொம்ம வந்து..."

ஆயம்மா மஞ்சள் கையோடு அவள் வாயைப் பொத்தினாள். "வாயத் தொறந்து சொல்லாத. கண்ணு பட்டுடும். நாங்க யாராச்சும் வாயத் தொறந்து ஏதாச்சும் கேட்டமா? சாப்புடு."

வினோத்குமார் அல்வாவோடு வந்தான். அவன் வண்டி ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் இருப்பவன். வந்தவனிடம் எல்லாம் மைலேஜ் பேசுகிறவன். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, தெருவையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நடந்து வந்தான். அறைக்குள் போனதும் சுடர்விழி கதவைச் சாத்தினாள்.

"ஒன்னும் இல்ல. உங்க அக்கா பொடவைக்குப் போட்ட பொம்ம அது. தேதி கூட தள்ளிப் போகல."

அவன் முகம் விழுந்தது. ஒரு நொடி அவளுக்கே பாவமாக இருந்தது. அந்த ஒரு நொடிதான்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?" என்றான்.

"யாரு காது குடுக்கறா சொல்றதுக்கு? நீங்க போய்ச் சொல்லுங்க. அப்பிடியே நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் வாங்க. டாக்டரம்மா எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லி ரெண்டு வருசம் ஆவுது. உங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடும்னு அன்னைக்கே சொன்னாங்க."

"எனக்கு இன்னாடி கொறை? எங்க வம்சத்துல எவனுக்கும் அந்தப் பேச்சே கெடையாது." புஜத்தை மடக்கிய பொம்மை போட்டவன் இவன்தான். டெஸ்டுக்குக் கொடுக்கிற ஒரு சின்ன டப்பாவைப் பார்த்துப் பயந்து இரண்டு வருடமாக ஆஸ்பத்திரித் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனும் இவன்தான். "காதுகுத்து முடியற வரைக்கும் கம்முனு இரு. அக்கா வீட்டு விசேசத்துல பிரச்சன பண்ணாத."

மறுநாள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா லட்சுமி திருபுவனையில் இருக்கிறாள். ஆயம்மா அவளுக்கும் கோழிக்குஞ்சு அனுப்பியிருக்கிறாள். லட்சுமி ஒன்றும் சொல்லாமல் போனில் மூக்கை உறிஞ்சினாள். அவளும் வழக்கத்தை மீறவில்லை. சுடர்விழியால் அந்த உறிஞ்சலைத் தாங்க முடியவில்லை, விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் உறிஞ்சல் நின்றது.

"சரி கண்ணு," என்றாள் அம்மா கடைசியில். "கொஞ்ச நாளு அப்பிடியே இருக்கட்டும். மரியாதையா வெச்சிருக்காங்கல்ல."

மாமியார் வீட்டைக் காறித் துப்பிவிடலாம். பெற்றவளை என்ன செய்வது? சுடர்விழி கம்பெனிக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து மூடி பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் கமலா வீட்டு மொட்டைமாடியில் பந்தல். கமலா பாசிப் பச்சையில் நின்றாள். எடுப்பாக இல்லை. சுடர்விழி படியேறியதும் ஆளாளுக்குத் தாங்கிப் பிடித்தார்கள். காற்றாடிக்கு நேரே நாற்காலி போட்டார்கள். காரைக்கால் சின்ன மாமியார் வந்து அவள் வயிற்றைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டினாள். வாயை மட்டும் ஒருத்தியும் திறக்கவில்லை. என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுக்கம்.

போன வருடம் இதே மாடியில்தான் கமலாவின் மூத்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. சுடர்விழி ஆரத்தித் தட்டைத் தூக்கப் போனாள். கமலா நடுவில் வந்து, "நீ பந்திய பாத்துக்க சுடரு, இத மத்தவங்க பாத்துக்குவாங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கும் யாரும் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாமலே ஒருத்தியைக் கீழே தள்ளுவதில் இவர்கள் எல்லாரும் கைதேர்ந்தவர்கள்.

இப்போது தாய்மாமனான வினோத்குமார் பட்டு வேட்டி, கழுத்தில் மாலை சகிதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சின்னவன் அவன் மடியில். ஊசி இறங்கியதும் பையன் வீறிட்டான்; வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் பெரிய மார்க்கெட்டில் இருந்து வந்த மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, கமலாவின் புருஷனிடம், "அடுத்த வருசம் உன் மச்சான் மடி பிஸி ஆயிடும் போல" என்றார். வினோத்குமார் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து, பல்லைக் காட்டி, மாலையைச் சரிசெய்துகொண்டான்.

பையனைக் கீழே இறக்கிவிட்டு அவன் அவள் பக்கம் வந்தான். குனிந்து, வெளியில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சுவது போல, காதோரம் பேசினான்.

"நான் யோசிச்சிட்டேன். இன்னும் ரெண்டு வாரம் போவட்டும். கலைஞ்சி போச்சின்னு சொல்லிடலாம். கம்பெனில மூட்டை தூக்கினேன்னு சொல்லு. யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

"மூட்ட தூக்கினது யாரு?"

"ஒரு பேச்சுக்கு."

"அப்ப இல்லாத புள்ளைய கொன்னதும் நானு."

"மெதுவா பேசு. பொம்மய போட்டது யாரு? நீதான?"

அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் எதிரில் இருக்க வேண்டும். இவனை என்னவென்று சொல்வது. டெஸ்டுக்குப் போகாமல் தப்பிக்க, பெண்டாட்டி தலையில் ஒரு சாவைக் கட்டத் தயாராக இருக்கிறான், அதையும் மாலையோடு வந்து, சந்தன வாசனையோடு சொல்கிறான்.

"சுடரு, வா, வா, நீ முன்னால வா" என்று கமலா கூப்பிட்டாள். கையில் ஆரத்தித் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த தண்ணீரில் வெற்றிலை மேல் கற்பூரம். "நீதான் மொதல்ல சுத்தணும்." எல்லாரும் வழிவிட்டார்கள். ஆயம்மாவின் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை, உண்மையான கண்ணீர்தான்.

சுடர்விழி தட்டை வாங்கினாள். ஒரு வருடமாக அவள் கை ஏங்கிய தட்டு. சுற்றிவிட்டால் முடிந்தது. நடுத்துண்டும் நாற்காலியும் இரண்டு வாரத்துக்கு நிச்சயம். அதற்கப்புறம் காலம் முழுக்க, புள்ளையைத் தங்கவிடாதவள் என்கிற பெயர். அவள் தட்டைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். "தோ வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள். நேரில் வாயைத் திறந்தால் பொத்த ஆயிரம் கை வரும். குரூப்பில் போட்டால் எவள் பொத்துவாள்? எழுதினால் மாமியாருக்குப் போய்ச் சேராது. மைக் குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். அனுப்பிவிட்டு மேலே வந்து நின்றாள்.

பந்தலில் அங்கங்கே டிங், டிங் என்றது. மடியில், இடுப்பில், மேசையில், சட்டைப் பையில். யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை. காரைக்கால் சின்ன மாமியாரின் போனில் இருந்து அவள் குரல் கிளம்பியது. பிறகு கமலாவின் போனில் இருந்து. பிறகு நாலாபுறமும், ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஸ்பீக்கரில்.

"அத்த, நான் சுடர்விழி பேசறேன். நான் முழுகாம இல்ல. அன்னைக்குப் போட்டது பொடவைக்குப் போட்ட பொம்ம. எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லி ரெண்டு வருசம் ஆச்சி. உங்க புள்ள இன்னும் டெஸ்டுக்கு வரல. கலைஞ்சி போச்சின்னு பொய் சொல்லச் சொல்றாரு. நான் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு அவர அனுப்பி வைங்க."

ஒரு போனில் 'முழுகாம இல்ல' என்னும்போது இன்னொன்றில் 'ஆஸ்பத்திரிக்கு' என்றது. பந்தலின் கடைசியில் காது மந்தமான ஒருவர் மறுபடியும் முதலில் இருந்து போட்டார். மூன்று மாதம் சொல்லக்கூடாத சொல் அந்த மாடியில் எத்தனை தரம் சொல்லப்பட்டதோ. கற்பூரத்தை யாரும் ஏற்றவில்லை.

ஆயம்மா தன் போனைக் கையில் பிடித்தபடி மகன் முன்னால் போய் நின்றாள். "மெய்யாவாடா?" என்றாள்.

வினோத்குமார் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மாலையில் ஒரு பூவைக் கிள்ளினான்.

அப்போது எல்லாப் போனும் மறுபடி ஒரே நேரத்தில் டிங்கென்றது. பக்கிரியின் கட்டைவிரல். சுடர்விழி திரும்பிப் பார்த்தாள். மாமனார் வழக்கம்போலக் கேட்காமல் போட்டாரா, கேட்டுவிட்டுப் போட்டாரா என்று மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவர் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாடா, கேக்கறன் இல்ல?" என்றாள் ஆயம்மா.

வினோத்குமார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. "தண்ணி குடும்மா," என்றான். "தலைய சுத்துது."

சுடர்விழி ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, அவனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"தல சுத்துதா?" என்று கேட்டாள். "நாளு ஏதாச்சும் தள்ளிப் போயிருக்கா?"

அவன் சொம்பை வாங்கிக் குனிந்துகொண்டு குடித்தான். அவனுக்காக யாரும் அல்வா வாங்க ஓடவில்லை.